செம்புத் தலை ஆணி

இந்த பெஞ்சுக்கு ஒரு காலு கட்டைங்க, இன்ஸ்பெக்டர் ஹுமைத் ஐயா. அடியில ஒரு துண்டுப் பலகை வச்சு ரெண்டு ஆணி அடிச்சா ஆடாது. சரி, அதுக்கு நான் வரல. மடுல்சீமையிலருந்து மொத பஸ்ஸப் புடிச்சு பதுளைக்கு வந்தது, நீங்க எழுதி வச்சிருக்கிற ஒரு வார்த்தையைத் திருத்தத்தான்.

போன வாரம் எங்க தேயிலைத் தோட்டத்துப் பழைய தொரசாணியோட அண்ணன் சீமையிலருந்து வந்தப்ப நீங்களும் கூட வந்தீங்க. மாலைதீவுக் கரையில ஒதுங்கின பலகைகளைப் படத்துல காட்டினீங்க. ஒண்ணுல நான் கட்டின படகோட பேரு, இன்னொண்ணுல துருப்புடிச்ச ஆணி. தொரையும் தொரசாணியும் படகோட முழுகிட்டாங்கன்னு சொன்னீங்க. அப்பறம் நீங்க எழுதினதை வாசிச்சீங்க. ‘மலைத்தோட்டத்து ஆசாரி நல்லையா, கடலைப் பத்தித் தெரியாம இரும்பாணி அடிச்சிட்டான்’னு. அந்த அண்ணன் என் கையைப் புடிச்சு, உன் மேல தப்பில்லைன்னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சிச்சுங்க. இருபத்தாறு வருசமா ஆசாரி நான். தோட்டக்காட்டான்னா ஆணி கூடவா தெரியாது? அந்த ‘தெரியாம’ங்கிறதை வெட்டணும் ஐயா. ஏன்னு சொல்றேன்.

தொரைக்குக் கடல் பைத்தியம். தோட்டத்தைக் கவர்மெண்டு எடுக்கப் போகுதுன்னு எழுபத்திரெண்டுலயே மோப்பம் புடிச்சிட்டாரு. சீமைக்குத் திரும்பமாட்டேன், சொந்தமா ஒரு பாய்மரப் படகு கட்டி பொஞ்சாதியோட தீவு தீவாப் போயி காலத்தை ஓட்டுவேன்னு முடிவு பண்ணாரு. படகு எங்க கட்டுறது? கடல் கண்ணுக்கே எட்டாத எங்க மலை மேல, தேயிலை ஸ்டோருக்குப் பின்னால. யாரு கட்டுறது? தேயிலைப் பெட்டி அடிக்கிற இந்த நல்லையா. அவரு புத்தகத்தைப் பிரிச்சு படத்தைக் காட்டுவாரு, நான் பலகையைச் சீவுவேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அதுல ஒரு ஆசை வந்திருச்சு. பெட்டி பெட்டியா அடிச்ச கைக்கு வளைச்சு இழைக்கிற மாதிரி ஒரு வேலை கெடைச்சா விடுமா?

எழுபத்திமூணு ஐப்பசி. என் பொஞ்சாதி வேலாயிக்கு நெறமாசம். காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுற நேரத்துல ரத்தம் போக ஆரம்பிச்சிருச்சு. தோட்டத்துக்கு இருந்தது ஒரே லொறி. அது படகுக்கு அடிப்பலகை ஏத்த ஹாலிஎல ஸ்டேஷனுக்குப் போயிருச்சு. கம்பளியில கம்பைக் கட்டி, நாலு பேர் தோள் மாத்தித் தோள் மாத்தி மலையெறக்கித் தூக்கிட்டுப் போனாங்க. பசறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. வயித்துல இருந்த புள்ளையும் போச்சு. எங்க லயத்து வரிசையில பக்கத்து வீட்டுக் காம்பரா பெரியாயிதான் கடைசி வரைக்கும் கூடப் போச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டாளாம்.

தொரை மூணு நாள் லீவு குடுத்தாரு. தொரசாணி லயத்துக்கே வந்து அழுதாங்க, ஒரு பிஸ்கட் டின்னு வச்சிட்டுப் போனாங்க. நாலாவது நாள், பலகை வந்து கெடக்குதே நல்லையான்னு தொரை ஆள் விட்டாரு. போனேன். கொஞ்ச நாள் கழிச்சு தொரசாணி என்னைக் கூப்பிட்டாங்க. படகு மேல வெள்ளைப் பெயின்ட்ல அவங்க கையாலேயே ஒரு பேரு எழுதியிருந்தாங்க. வேலாயி. இனிமே அவ எங்ககூட ஒலகமெல்லாம் சுத்துவா நல்லையான்னாங்க. உசுரோட இருந்தப்ப பசறை வரைக்கும் ஏத்திட்டுப் போக நாதியில்ல, செத்தப்பறம் ஒலகம் சுத்துறாளாம். ஆளும் போச்சு, பேரையும் எடுத்துக்கிட்டாங்க. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

கடலுக்கு எந்த ஆணின்னு எனக்குச் சொன்னது இங்க பதுளையில இரும்புக்கடை வச்சிருக்கிற மொஹிதீன் நானா. எனக்கு அண்ணன் மொறை, அதனால நானான்னுதான் கூப்பிடுவேன். அவரு சொந்தக்காரங்க பேருவளையில வள்ளம் வச்சிருக்காங்க. இரும்பாணியை உப்புத்தண்ணி ரெண்டு வருசத்துல தின்னுரும், செம்போட ஒட்டியிருந்தா இன்னும் சீக்கிரம் தின்னும்னு பேச்சுவாக்குல சொன்னாரு. தொரையும் கொழும்புலருந்து செம்பாணிதான் எடுப்பிச்சாரு. ஒவ்வொரு ஆணித் தலையையும் டார்ச் அடிச்சுப் பாப்பாரு. அதனால நான் செம்பாணித் தலையை மட்டும் அறுத்தெடுத்தேன். அடிப்பலகைக்கெல்லாம் ஸ்டோர் கூரைக்கு அடிக்கிற நீட்டு இரும்பாணியை எறக்கி, மேல செம்புத் தலையை ஒட்டி, சுத்தி இடுக்கு அடைக்கிற மக்கு வச்சுத் தேச்சேன். பத்தொம்பது நாள் வேலைங்க. தொரை டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, பிரமாதம் நல்லையான்னாரு. பிரமாதமாத்தான் இருந்திச்சு. இதையா ஐயா தெரியாம செஞ்சான்னு எழுதுவீங்க?

எழுபத்தஞ்சு தையில படகைத் திருகோணமலைக்கு ஏத்தினாங்க. லொறி திரும்பாதுன்னு நாலு வளைவுல மண்ணை வெட்டி ரோட்டை அகலமாக்கினோம். நாப்பது ஆளு, எட்டு நாளு. ஆஸ்பத்திரி வண்டி வர வழி பண்ணுங்கன்னு யூனியன்காரங்க எத்தனை வருசமாக் கேட்டிருப்பாங்க. அப்பல்லாம் மலையை வெட்ட முடியாதுன்னாங்க. படகுன்னதும் மலை வெட்டுப்பட்டுச்சு. வயிறு எரியாதா ஐயா? உங்களுக்கா இருந்தா எரியாதா?

அதுக்கப்பறம் மாசத்துக்கு ஒரு படக்கார்டு வரும். தொரசாணி எழுதுவாங்க, நானா வாசிச்சுச் சொல்லுவாரு. மாலைதீவுங்கிறாங்க, சீஷெல்ஸ்ங்கிறாங்க. மழை பேஞ்சா படகு மேல நின்னே ரெண்டு பேரும் குளிச்சாங்களாம். தொரை தாடி வளத்துட்டாராம். காலையில புடிச்ச மீனும் படகுலயே சுட்ட ரொட்டியும்தான் சாப்பாடாம். ஒரு தீவு புடிக்கலைன்னா நங்கூரத்தைத் தூக்கிட்டு அடுத்த தீவுக்குப் போயிருவாங்களாம். அதுக்கு முந்தின வருசந்தான் எங்க லயத்துல மாவுக்கு வழியில்லாம கெழங்கும் கீரையும் தின்னு ஆளுங்க வீங்கிச் செத்தாங்க. பொறந்த மண்ணுலயே நீ இந்தியாவா இலங்கையான்னு எங்களைக் கேக்குறாங்க. அவங்களுக்கு நங்கூரம் போட்ட எடமெல்லாம் வீடு. ஒவ்வொரு கார்டுலயும் கடைசியில ஒரே வரி இருக்கும். வேலாயி நல்லாப் போறா, நன்றி நல்லையான்னு.

படகு போயி ரெண்டு வருசமாச்சு, இந்த வருசம் சித்திரையில நீளமா ஒரு காயிதம் வந்திச்சு. அடிப்பலகை ஓரமா காவி நெறத்துல கறை எறங்குது, கொஞ்சம் தண்ணியும் கசியுது, படகைக் கரையேத்திப் பலகையைப் பிரிச்சுப் பாக்கலாம்னு தொரை சொல்றாருன்னு எழுதியிருந்தாங்க. அதுக்குக் கீழ, எனக்கு இப்ப அஞ்சு மாசம் நல்லையா, கல்யாணமாகி பதினோரு வருசத்துக்கப்பறம் தங்கியிருக்கு. இந்தத் தீவுல பத்து வீடுகூட இல்ல. ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்கு பெரிய கடலைத் தாண்டணும். கட்டினவர் நீங்க, நீங்க சொல்றபடி செய்யிறோம்னு.

நானா வாசிச்சு முடிச்சிட்டு, என்னடா எழுதட்டும்னு கேட்டாரு. கையில இருந்த பிளேன்டீயைக் குடிச்சு முடிச்சேன். அப்பறம் சொன்னேன். அது மரத்துக் கறை, தேக்கு அப்படித்தான் கக்கும். பலகையைப் பிரிக்கவே கூடாது, பிரிச்சா இறுக்கம் போயிரும். மேல மக்கு வச்சு பெயின்ட் அடிச்சிட்டு தைரியமாப் போங்கன்னு எழுதுங்க நானா.

நானா பேனாவை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. “அல்லாவுக்காகச் சொல்லு நல்லையா. உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“எனக்குத் தெரியாமலா நானா? கட்டினதே நான்தானே?”

அவரு எழுதினாரு. முத்திரை நான்தான் ஒட்டினேன். நானா மேல ஒரு குத்தமும் இல்ல, அதையும் எழுதிக்கங்க.

ஆணி அடிச்சது கோவத்துல. பதில் சொன்னது கோவத்துல இல்லைங்க. அன்னைக்கு மனசு குளுந்து கெடந்திச்சு. என் வேலாயி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல, அந்தம்மாவும் போய்ச் சேரக்கூடாது. அவ்வளவுதான் நான் நெனைச்சது. வயித்துப் புள்ளைக்கும் சேத்துத்தான் நெனைச்சேன். அதனால, ஆசாரி நல்லையா தெரிஞ்சே செஞ்சான்னு மாத்தி எழுதுங்க. தூக்குன்னாலும் சரி, கையெழுத்துப் போடுறேன்.

என்ன கேட்டீங்க? வேலாயியைத் தூக்கிட்டுப் போன நாலு பேர்ல நான் ஏன் இல்லைன்னா?

நான் லயத்துல இல்லைங்க. லொறியிலதான் போயிருந்தேன். நல்ல பர்மாத் தேக்கு, ரெண்டு நாளா ஸ்டேஷன்ல மழையில கெடக்குன்னு கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளல. நனைஞ்சா முறுக்கிக்கும் பாருங்க. நாளைக்குப் போகலாம் நல்லையா, உன் பொஞ்சாதிக்கு மாசமாச்சேன்னுதான் தொரை சொன்னாரு. இன்னைக்கே போகணும்னு நான்தான் விடாப்பிடியா நின்னு லொறியை வாங்கினேன். விடியக்காலம் வேலாயி வாசலுக்கு வந்து, இடுப்பு கடுக்குது, இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்கன்னா. ஓசைப்படாமப் படு, சாயங்காலம் வந்துர்றேன்னேன்.

என்னை ஏன் அப்படிப் பாக்குறீங்க ஐயா? தொரைன்னா ஒரு அதட்டுப் போட்டு என்னை நிறுத்தியிருக்க வேணாமா? வேலைக்காரன் ஆசைப்பட்டுக் கேட்டா உடனே லொறியைக் குடுத்துர்றதா? அதுவும் அவரு குத்தந்தாங்க. அதையும் எழுதிக்கங்க.