கையுறைக்கும் சட்டைக்கும் நடுவுல

இல்லக்கா, நான் உங்க பையனக் குறை சொல்லல. கோவம் வரத்தான செய்யும். சின்னதுலேருந்து காமிக்ஸ் புத்தகமா வாங்கி அடுக்கி வச்சிருக்கான்னு நீங்களே சொல்றீங்க. அதுல பூரா வெள்ளையா, நீலக் கண்ணோட இருந்த ஆளு. இப்ப திடீர்னு கறுப்பா ஒருத்தர நிறுத்தி, இவருதான் நீலச்சட்டைக்காரர்னா, வீட்டு ஆளயே மாத்திட்ட மாதிரி இருக்கும்ல. அதுக்காக இன்டர்வெல்லோட எந்திரிச்சுப் போயி வாசல்ல நின்னுக்கிட்டு, அம்மா நீயும் வான்னு போன் மேல போன் போட்டா எப்படி. மீச மொளச்ச பிள்ள, தொலைஞ்சா போயிடுவான். கொஞ்சம் உக்காருங்கக்கா.

எனக்கு இப்படி முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட பேசியே பழக்கமில்ல. எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவாரு, உன்கிட்ட ஒரு வார்த்த வாங்கணும்னா மனு எழுதித்தான் போடணும்னு. இன்னிக்கு விட்டா வேற வழி இல்ல. நாளைக்கு இந்தப் படத்த தூக்கிடுறாங்களாம். ஊரே திட்டித் தீத்துடுச்சு, கூட்டத்தப் பாருங்க, காலி சீட்டுதான் உக்காந்து பாக்குது. அதான் வெக்கத்த விட்டுட்டு உங்க முந்தானையப் புடிச்சுட்டேன்.

பெரிய உதவியெல்லாம் இல்லக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல நீலச்சட்டைக்காரர் ஒரு கட்டடத்து மேலேருந்து குதிப்பாரு. அப்ப அவரு கையப் பாத்துட்டு என்ன நிறம்னு எனக்குச் சொல்லணும். அவ்வளவுதான்.

இல்ல, கண்ணு நல்லாத்தான் தெரியுது. சொல்றேன் இருங்க. லைட்ட அணைச்சுட்டாங்க. பாப்பா தலைய இப்படித் திருப்பிக்கிறேன், உங்க கையில இடிக்குதா? ரெண்டு வயசு ஆகப் போகுது. தூக்கத்துலயும் காலு சும்மா இருக்காது, அப்படியே அவங்க அப்பா.

நிறத்த மாத்திட்டாங்க மாத்திட்டாங்கன்னு எல்லாரும் சொல்லும்போது எனக்கு ஒண்ணும் ஓடாதுக்கா. எனக்குத் தெரிஞ்சு நீலச்சட்டைக்காரர் எப்பவுமே கறுப்புதான். பாத்தீங்களா, ஒரு மாதிரி பாக்குறீங்க. பழைய படத்துல முகமூடியக் கழட்டிட்டு, செவசெவன்னு நின்னு வசனம் பேசுவாரே, அது நடிகரு. முகமூடிய மாட்டிக்கிட்டு ஓடுறது, தாவுறது, கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வெளிய வர்றது, அது பூரா எங்க வீட்டுக்காரர். டூப் போடுறதுன்னு சொல்வாங்கள்ல. பழைய படம் எல்லாத்துலயும் அவருதான்.

நெசமாத்தான். என்னவிட ரெண்டு பங்கு கறுப்பு.

உடம்பு பூரா மூடின உடுப்புதான், ஆனா கண்ணுக்கு ஓட்டை விட்டாகணும்ல. அப்புறம் கையத் தூக்கினா கையுறைக்கும் சட்டைக்கும் நடுவுல ஒரு வெரக்கடை தெரியும். அங்கெல்லாம் வெள்ளையா பூசுவாங்க. மேக்கப் போடுற அக்கா ஒருத்தங்க, பாவம், அதுக்குன்னே பின்னாடியே ஓடிட்டு இருப்பாங்க. வேர்த்தா பூசு, கரைஞ்சா பூசு. அந்தப் பூச்சு லேசுல போகாதுக்கா. வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுத் தேய்ப்பாரு, இமை ஓரத்துல நிக்கும், காது மடிப்புல நிக்கும். கதவுப் பிடியில, டீ கிளாசுல, தலகாணி உறையில எல்லாம் வெள்ளை வெள்ளையா. இவ கைப்பிள்ளையா இருந்தப்ப ஒரு நாள் கொஞ்சிட்டுப் போயிருக்காரு, கன்னத்துல அவரு வெரலு அப்படியே வெள்ளையா பதிஞ்சிருக்கு. நான் பதறிப் போயி, என்னமோ தோல் வியாதின்னு தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினேன். டாக்டர் ஈரப் பஞ்சால தொடச்சுட்டு என்னப் பாத்த பார்வை இருக்கே. இப்ப நெனச்சாலும் கூச்சமா இருக்கு.

வருத்தமா, அவருக்கா? அதுதான்க்கா கொடுமை. அவருக்கு ஒரு துளி வருத்தம் இல்ல. உங்க பையன் மாதிரிதான் அவரும். சின்ன வயசுல சுவர் பூரா கரித்துண்டால நீலச்சட்டைக்காரர வரைஞ்சு அடி வாங்கின ஆளு. கரியால வரைஞ்சாலும் அவருக்கு அந்த ஆளு வெள்ளைதானாம். மேக்கப் அக்கா அவசரத்துல பூச மறந்தா, இவரே கையக் காட்டி, நல்லா பூசுங்கக்கா, பிள்ளைங்க கண்டுபிடிச்சா மனசு ஒடைஞ்சுடும்பாராம். நான்கூட ஒரு தடவ கேட்டேன், உங்க கை உங்க கையா தெரிஞ்சா என்ன கொறஞ்சு போச்சுன்னு. உனக்கு ஒண்ணும் தெரியாது போன்னுட்டாரு.

மெதுவா பேசுறேன், முன்னாடி ஒருத்தர் திரும்பிப் பாக்குறாரு.

படம் பாக்கக் கூட்டிட்டுப் போவாரு. இருட்டுல என் கையப் புடிச்சுக்கிட்டு, நடிகர் வந்தா சும்மா இருப்பாரு, இவரு வந்தா ஒரு அமுக்கு அமுக்குவாரு. ஊரே அந்த நடிகருக்கு விசிலடிக்கும், நான் மட்டும் கை வலிக்க உக்காந்திருப்பேன். போகப் போக அமுக்காமலே எனக்குத் தெரிஞ்சுடும். குதிக்கிறதுக்கு முன்னாடி எடது தோளத்தான் மொதல்ல திருப்புவாரு.

இப்பல்லாம் கஷ்டம்க்கா. எங்க பாத்தாலும் அந்த உடுப்பு. தெருவுல பிள்ளைங்க மாட்டிக்கிட்டு ஓடுதுங்க, பொம்மக் கடை வாசல்ல ஆள் உயரத்துக்கு அட்டையில நிக்குது. துணி காயப் போட்டுட்டு இருப்பேன், எதிர் மாடிக் கொடியில எவங்க வீட்டுப் பிள்ள உடுப்போ, நீலமா, கைய விரிச்சுக்கிட்டு காத்துல ஆடும். வாளியப் போட்டுட்டு உள்ள வந்துடுவேன்.

அந்தக் குதியா? அது இந்தப் படத்துக்கு எடுத்ததே இல்லக்கா. போன படத்துக்கு எடுத்தது. எடுத்த அன்னிக்கு மழைத் தூத்தல், கையில பூச்சு நிக்கல. பரவால்ல, அப்புறம் கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கிக்கலாம்னு எடுத்துட்டாங்க. ஆனா அந்தப் படத்துல அதப் போடல. வேற ஆள வச்சு வேற மாதிரி எடுத்துப் போட்டாங்க. இப்ப புதுப் படத்துக்குத் தூசி தட்டி எடுத்திருக்காங்க. முகமூடிதான, எவன் கண்டுபுடிக்கப் போறான்னு. ஹீரோவே கறுப்பாயிட்டதால கைய வெள்ளையாக்குற வேலையும் மிச்சம். அப்படியே விட்டுட்டாங்களாம். மேக்கப் அக்கா போன் போட்டு அழுதாங்க. உன் வீட்டுக்காரர் கை அவரு கையாவே வருதுடி, போய்ப் பாருன்னு.

வந்தேனே. படம் வந்ததுலேருந்து வந்துட்டுத்தான் இருக்கேன். அந்த மியூசிக் ஏறும்போதே எனக்குக் கண்ணு இறுக்கி மூடிக்குது. வெரலால பிரிச்சுக்கூடப் பாத்தேன், தலை தானா குனிஞ்சுடுது. உயரம்னா பயம்னு வச்சுக்கோங்களேன். அவரு கைய அவரு நிறத்துலயே இத்தாம்பெரிய திரையில ஒரே ஒரு தடவ பாத்துடணும்னுதான் வர்றேன், பாக்காமலே போறேன். எனக்குக் குடுத்து வைக்கலன்னா, பாத்த ஒருத்தங்க வாயால கேக்கவாவது செய்யணும்ல.

அவரையே கூட்டிட்டு வந்து பாக்கலாமேன்னா... அவரு வரமாட்டாருக்கா. வந்தாலும் ரசிக்க மாட்டாரு. ஏன் பூசாம விட்டாங்கன்னு அந்தக் கம்பெனிக்காரங்ககிட்ட சண்டைக்குப் போவாரு.

அய்யோ, படிக்கட்டு வந்துடுச்சு. இதுதான், இதுதான். போன் அடிச்சா அடிக்கட்டும், அப்புறம் எடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். திரையிலேருந்து கண்ண எடுக்காதீங்க. வலது கை. மணிக்கட்டுல கயிறு உரசின தழும்பு ஒண்ணு இருக்கும், குறுக்கால. ஓரத்துக்கு வந்துட்டாரா? தோளத் திருப்பினாரா? எடது தோளு? நான் மூடிக்கிட்டேன். பாருங்கக்கா.

முடிஞ்சுதா?

தெரிஞ்சுதா. பூச்சு எதுவும் இல்லியே?

என் கையப் பாருங்க, வெளிச்சம் விழுதுல்ல, இந்த நிறமா? இதவிடக் கறுப்பா. ஆமா. ஆமாக்கா, அதுதான். தழும்பு தெரியலியா? போகட்டும். சட்டுனு போயிருக்கும்.

பாப்பாவா? இவ எப்ப முழிச்சா? பாத்துட்டாளா? சிரிச்சாளா. ம். சிரிக்கட்டும்.

அக்கா, இன்னும் ஒண்ணே ஒண்ணு. கீழ வந்து விழுற வரைக்கும் காட்டினாங்களா, இல்ல நடுவுலயே வெட்டிட்டாங்களா?

வெட்டிட்டாங்களா. நல்லது. கயிறு அறுந்து போச்சுக்கா அன்னிக்கு, அதுக்கப்புறம் அவரு எந்திரிக்கல.