எரியுதுக்கா

என்னை உள்ளே கூட்டிவரும்போது உங்கள் ஜீப்பைப் பார்த்தேன், ஐயா. இடது பக்கப் பின்விளக்கில் ஆவி கோத்திருக்கிறது. சிவப்பு மூடிக்கு உள்பக்கமாக முத்து முத்தாகத் தண்ணீர். பயப்படாதீர்கள், சின்ன வேலைதான். ஆனால் யாரிடமாவது கொடுத்தால் சுற்றிலும் பசையைப் பூசி மொத்தமாக அடைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதை மட்டும் செய்யவிடாதீர்கள்.

விளக்கின் முதுகில் சின்னதாக ஒரு துளை இருக்கும். மூச்சுத்துளை என்று நான் சொல்வேன். பல்பு எரிந்தால் உள்ளே காற்று சூடாகி வெளியே போகவேண்டும், அணைந்தால் திரும்பி வரவேண்டும். துளையை அடைத்துவிட்டால் உள்ளே போன ஈரம் அங்கேயே குடித்தனம் நடத்தும். விளக்கைக் கழற்றி, ஹேர் டிரையரால் நிதானமாகக் காயவைத்து, ஓரத்து ரப்பரைப் புதிதாக மாற்றி, துளையைச் சுத்தம் செய்து மாட்டினால் போதும். இதை எதற்குச் சொல்கிறேன் என்று முகம் சுளிக்காதீர்கள். நடந்தது எல்லாமே அந்தத் துளையைப் பற்றியதுதான்.

இன்னொன்று. நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன் என்று வாசலில் நிற்கும் காவலர் கோபித்துக்கொண்டார். திமிர் என்று நினைத்துவிட்டார், பாவம். திமிர் இல்லை, சந்தோஷம். சந்தோஷம் வந்தால் எனக்கு வாயெல்லாம் பல்லாகிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்காவைக் கேட்டால் சொல்வாள்.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. உங்களுக்குத்தான் தெரியுமே. அம்மா விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவாள். எனக்குத் தலைவாரி விட்டது, சோறு ஊட்டியது, முதுகில் நாலு போட்டது எல்லாம் அக்காதான். அவள் திட்டுவதைக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு வார்த்தை வீணாகாது. நான் அந்தத் திட்டைக் கேட்டு வளர்ந்த உடம்பு.

கல்யாணமாகி ஊரின் அந்தக் கோடிக்குப் போனாள். சண்டை சச்சரவு ஏதுமில்லை. சண்டை இருந்தால்கூடத் தேவலை, சண்டை போடவாவது வருவாள். போன் செய்தால், "அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்டா" என்பாள். அந்த அடுத்த வாரம் வந்ததே இல்லை. குழந்தை குட்டி கிடையாது என்றாலும் பள்ளிக்கூடம் இருந்தது, வீடு இருந்தது, அத்தான் இருந்தார்.

அத்தான் மருந்துக்கடை வைத்திருந்தார். கார் விளக்குகளைப் பழுது பார்ப்பவன் என்பதால் என்னை 'பல்பு' என்றுதான் கூப்பிடுவார். "என்ன பல்பு, எரியுறியா, ஃப்யூஸா?" பார்க்கும்போதெல்லாம் இதே ஜோக். முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்லக்கூடாது.

பிறகு ஒருநாள், நல்ல மழைக்கு மறுநாள், அக்கா தானே காரை ஓட்டிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றாள். இறங்கினதும் இறங்காததுமாக, "டேய், இங்க வந்து பாரு. பின்லைட்டுக்குள்ள மீன் வளர்க்கலாம் போலிருக்கு" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு கடை முழுக்க அலைந்தேன்.

ஐயா, அந்த மத்தியானம் மாதிரி ஒரு மத்தியானம் உங்களுக்கும் வாய்க்க வேண்டும். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் விளக்கைக் கழற்றி டிரையரை எடுத்தேன். நனைந்த தலையோடு நின்ற அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு, "முதல்ல நான், அப்புறம்தான் உன் லைட்டு" என்று சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்து முடியைக் காயவைத்தாள். காயவைத்தபடியே என் சட்டையைத் திட்டினாள், கடையின் ஒட்டடையைத் திட்டினாள், நான் டீ போட்ட லட்சணத்தைத் திட்டினாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வேலை முடிந்ததும் பிரேக் விளக்கைச் சோதிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். மிதிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் நிற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். அது பழைய வண்டி. பின்கண்ணாடியில் மூன்றாவதாக ஒரு விளக்கு வைக்காத காலத்து வண்டி.

"எரியுதாடா?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"எரியுதுக்கா."

"நல்லாப் பாருடா. எரியுதாடா?"

"எரியுதுக்கா."

சும்மா விளையாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் முகமெல்லாம் சிவப்பு வெளிச்சம். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அன்றைக்கு வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் நான் செய்த முட்டாள்தனம். அந்த மழைக்காலம் முழுக்க விளக்கில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அக்காவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "லைட்டு சூப்பரா இருக்குடா" என்று போனில் பாராட்டினாள். பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆகவே நானே அவள் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் அத்தானின் கடையில் ஏறி, "கதவுக் கீலுக்கு எண்ணெய் விடணும் அத்தான், ஒரு ஊசி குடுங்க" என்றேன். "பல்புக்கே ஊசியா?" என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். தங்கமான மனிதர்.

அக்கா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். நான் காரைத் துடைத்துத் தருகிறேன் என்று வெளியே வந்து, இரண்டு விளக்கிலும் மூச்சுத்துளையை அடைத்தேன். அடைப்பதற்கு முன் ஊசியால் கொஞ்சம் தண்ணீர். அவ்வளவுதான். அடைக்கிற வேலையையும் எனக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. கட்டைவிரலைச் சோப்புத் தண்ணீரில் தொட்டு, பசை மேல் ஒரே இழுப்பு. கம்பெனியே அப்படிச் செய்து அனுப்பியது போல் இருக்கும். ஓரத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு வளைவு விழும். அது என் கைவாகு.

அக்கா வந்தாள். அப்புறமும் வந்தாள். பிறகு வந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் நான் துளையைத் திறந்து, விளக்கைக் காயவைத்து, அவள் டீ குடிக்கத் திரும்பும்போது மறுபடி அடைத்துவிடுவேன். "உன்னை நம்பி எவன்டா வண்டியைக் குடுக்கிறான்?" என்று மற்ற வாடிக்கையாளர்களுக்கு எதிரிலேயே என் மானத்தை வாங்குவாள். தொழில் தெரியாதவன் என்ற கெட்ட பெயரை நான் வாயைத் திறக்காமல் சுமந்தேன். பாசத்துக்காக ஒரு மனிதன் இதைவிட என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

ஸ்டூல் குத்துகிறது என்றாள். மெத்தை தைத்துப் போட்டேன். சும்மா உட்கார அவளுக்கு வராது, அதனால் வேலையும் கற்றுக்கொண்டாள். விளக்கு மூச்சு விட வேண்டும் என்பதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பல்பு உட்காரும் ஹோல்டரில் பித்தளை பச்சை பூத்திருந்தால், அது நேற்றுப் புகுந்த ஈரம் இல்லை, பல மாதத்து ஈரம் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் இல்லையா, ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வாள். எனக்கு ஒரே பெருமை.

நீங்கள் கேட்கும் அந்த நாளுக்கு வருகிறேன். அன்றைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் தூங்கி விழுந்த கதையை நடித்துக் காட்டினாள். சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். அப்படியே விளக்கைத் திறந்தால், இரண்டு ஹோல்டரும் பச்சைப் பசேலென்று அரித்துப் போயிருந்தன. உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். புது ஹோல்டர் கைக்கெட்டும் தூரத்து அலமாரியில் இருந்தது. ஆனால் அதை எடுத்தால், "ஏன்டா மாத்துற, காட்டு" என்பாள். பார்த்தால் பச்சையைப் பார்ப்பாள். போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் காயவைத்த விளக்கில் பல மாதத்து ஈரம் எப்படி வந்தது என்று கேட்பாள். நான் சொல்லிக்கொடுத்த பாடம்தானே.

சுரண்டிவிட்டு மூடினேன். அக்கா உள்ளே ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள்.

"எரியுதாடா?"

இரண்டு பக்கமும் இருட்டு, ஐயா. மறுபடியும் மிதித்தாள். இருட்டுத்தான்.

"எரியுதுக்கா" என்றேன்.

அடுத்த தடவை அவள் வரும்போது எப்படியாவது கண்ணில் மண்ணைத் தூவி ஹோல்டரை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சீக்கிரம் வரவேண்டுமே என்று தண்ணீரைக்கூடக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தேன். கை காட்டிவிட்டுப் போனாள். கடையைப் பூட்டிவிட்டு நான் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த மழைக்கு விளக்கு முழுக்க ஆவி கோத்து மங்கிப்போயிருக்கிறது. ஆனால் அக்கா கிளம்பவில்லை. "நீ போனா நாள் பூரா அங்கேயே டேரா போட்டுடுவே. நானே போய் அந்தப் பல்பை நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு அத்தான் கிளம்பியிருக்கிறார். என் கடைக்கு முந்தின திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே ஓடியது. அத்தான் பிரேக் போட்டார். பின்னால் வந்த லாரிக்காரருக்கு அது தெரியவில்லை. மழை பெய்ததால் அக்கா வருவாள் என்று நான் அப்போது அவளுக்காகத்தான் டீ வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வெளியே ஓடியதில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அந்த வண்டியில் அக்கா இருந்திருந்தால் என்று கேட்டதையே கேட்கிறீர்கள். அக்கா நிதானமாக ஓட்டுவாள். அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வாயில் நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?

அத்தானுக்காக நான் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன். ஆனால் காரியமெல்லாம் முடிந்த பிறகு, அந்த வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று அக்கா பெட்டியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைக்கு மேலேதான் என் வீடு. காலையில் கண் விழித்தால் அடுக்களையில் அக்காவின் சத்தம். "எழுந்திருடா தடியா." இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? துக்க வீட்டில் இப்படித் துள்ளிக்கொண்டு திரியக்கூடாது என்று படிக்கட்டில் நின்று முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே போவேன். காலில் சக்கரம் கட்டியது போல் ஓடி ஓடி அவளுக்கு எல்லாம் செய்தேன்.

லாரிக்காரரை நீங்கள் பிடித்து வைத்திருந்தீர்கள். முன்னால் போன வண்டியில் பிரேக் விளக்கு எரியவே இல்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். யாரும் நம்பவில்லை. அக்காவும் அவரைச் சபித்தாள். "நானே மிதிச்சுப் பார்த்தேன்டா. நீதானே எரியுதுன்னு சொன்னே. எப்படி வாய் கூசாம பொய் சொல்றான் பாரு" என்றாள். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். அவர் சொன்னது உண்மைதான். நல்ல மனிதர் என்று கேள்வி.

நொறுங்கிய காரை விசாரணை முடிந்து என் கடைப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்கள். வலது பக்கம் அப்பளமாகிவிட்டது. இடது விளக்கில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. நான் சாமான் வாங்கப் போயிருந்த சமயம். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத அக்கா அதைக் கழற்றி, மெத்தை போட்ட அந்த ஸ்டூலில் உட்கார்ந்து திறந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது விளக்கு அவள் மடியில் இருந்தது. அடைத்த துளையின் மேல் விரலை வைத்திருந்தாள். பிறை மாதிரி வளைவு. பக்கத்தில் பச்சை பூத்த ஹோல்டர்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் முகத்தையே பார்த்து, ரொம்ப மெதுவாக, "அன்னைக்கு எரிஞ்சுதாடா?" என்றாள்.

அக்கா அப்படி முழுசாக என்னைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அந்தப் பார்வைக்கு எதிரே பொய் வரவில்லை.

"இல்லக்கா" என்றேன். துளையிலிருந்து ஊசிவரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் அக்கா என்றும் சொன்னேன். விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனவள்தான். அப்புறம் நீங்கள்தான் வந்தீர்கள்.

ஆகவே, ஆமாம். துளையை அடைத்தது நான். எரியவில்லை என்று தெரிந்தே எரிகிறது என்று சொன்னது நான். உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்து மட்டும் போட மாட்டேன், மன்னித்துவிடுங்கள். காலையில் வக்கீலிடம் பேசினேன். ஒப்புக்கொண்டால் வழக்கு சட்டென்று முடிந்துவிடும், சாட்சிகளைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது என்கிறார். எல்லாவற்றையும் மறுத்தால்தான் அக்கா நீதிமன்றத்துக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து, ஆதியோடந்தமாகச் சொல்ல வேண்டியிருக்குமாம். நடுவில் வாய்தா வாங்கினால் மறுபடியும் வரவேண்டுமாம். கேட்டதிலிருந்து எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

லாரிக்காரரைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம் இன்னொரு உதவி, ஐயா. சாட்சி சொல்ல வருகிறவர்களுக்கு அங்கே நாற்காலி போடுவார்களா? இல்லையென்றால் என் கடையில் மெத்தை போட்ட ஸ்டூல் இருக்கிறது. யாரையாவது விட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். அக்காவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது.