ஓட்டை போட்ட தகரமும் பதினோரு ஒட்டுக்கன்றுகளும்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, தையல் பயிற்சி நிலையத்து ஆசிரியைகளே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் அண்டை வீட்டாரே, உங்கள் அனைவருக்கும் இந்த வெல்டரின் வணக்கம்!

நான் மைக் பிடித்துப் பழகியவன் அல்ல. குரல் உயர்ந்தால் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். துக்கம்தான்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. நம்மை விட்டுப் போன முடிச்சு அக்காவின் கணவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நாம் எல்லோரும் மாமா என்று கூப்பிடுகிறவர், இன்னும் வரவில்லை. "பெண்டாட்டி இரங்கல் கூட்டத்துக்குக்கூட வரலையே, என்ன மனுஷன்!" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. யார் என்றும் தெரியும். பதில் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன், பொறுங்கள்.

தையற்கலை ஆசிரியை, நம் முடிச்சு அக்கா, யார்? இருபத்தாறு ஆண்டுகள் நமக்குச் சட்டை தைத்தவர். அவ்வளவுதானா? இல்லை! புதுத்துணி சுற்றி வரும் பாலித்தீன் உறையை ஒருநாளும் வீசியதில்லை. நாடா நாடாக நறுக்கி வைப்பார். மாங்கொட்டை முளைத்து வந்த கன்றின் தலையைச் சீவுவார். தண்டைப் பிளப்பார். நல்ல மரத்துக் குச்சியை ஆப்பு மாதிரி செதுக்கி அதில் செருகுவார். அந்த நாடாவால் சுற்றி ஒரு முடிச்சு! நம் தெருவில் அந்த முடிச்சு ஏறாத மாமரம் ஒன்று உண்டா? உண்டென்றால் கை தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கையும் இல்லை.

நான் அடித்த கூத்தையும் கேளுங்கள். அக்கா வீட்டுப் பின்புறம் காற்று பிய்த்துக்கொண்டு வரும். "நான் இருக்கும்போது காற்றாவது ஒன்றாவது!" என்று ஆளுயரத்துக்குத் தகரச் சுவர் வைத்துக் கொடுத்தேன். காற்று என்ன செய்தது? சுவர்மேல் ஏறி, அந்தப் பக்கம் குதித்து, சுழன்று அடித்தது. ஏழு கன்றுகள் ஒட்டிய இடத்திலேயே முறிந்தன. நான் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். அக்கா திட்டினாரா? முறிந்த குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "தம்பி, காத்த நிறுத்தப் பாக்காதே. வேகத்தைக் குறைச்சுவிடு, போதும். தகரம் பூரா ஓட்டை போடு."

இரண்டு நாள் டிரில் பிடித்தேன். பாதிக்குப் பாதி ஓட்டை! அதற்கப்புறம் அந்த மூலையில் ஒரு கன்றுகூட முறியவில்லை. இதோ என் பின்னால் அக்கா படம் போட்ட பேனரில் ஓட்டைகள் தெரிகின்றனவே, அவையும் நான் வெட்டியவைதான். காற்றுக்கு வழி விட்டிருக்கிறேன்.

இத்தனையும் நடந்தபோது மாமா எங்கே இருந்தார்? பின்வாசல் படியில் பேப்பரை விரித்துக்கொண்டு, "ஒரு பனியன் காயப்போட இடமில்லை, காடு வளர்க்கிறாளாம் காடு!" என்று புலம்பிக்கொண்டிருந்தார்.

அக்கா மறைவதற்குப் பத்து நாள் முன்பு கடைசியாகப் பதினோரு கன்றுகளுக்கு ஒட்டுப் போட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "காத்துக்காலம் வருது தம்பி. பதினொண்ணையும் விட்டுடாதே" என்றார். அதுதான் என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு. பிழைக்க வைக்க வேண்டாமா? காரியம் முடிந்த மறுநாளே போய், பதினொன்றையும் குச்சி நட்டு, கட்டுக்கம்பியால் அசையாமல் இறுக்கிவிட்டு வந்தேன். முட்டாள்! அதே முட்டாள்!

விடிந்ததும் போனால், கம்பி முழுவதும் வெட்டிக் குவியலாகக் கிடக்கிறது. மாமா தரையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் அக்கா தைத்து மிஞ்சிய துணித்துண்டுகள். குச்சியையும் கன்றையும் சேர்த்து, எட்டு எண் மாதிரிச் சுற்றி, தளர்வாகக் கட்டுகிறார்.

"இறுக்கினா கட்டின இடத்துலயே முறியும்யா. கொஞ்சம் ஆடணும். ஆடினாத்தான் தண்டு தடிக்கும்."

"மாமா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவ உனக்குத்தான் சொல்லிக்கொடுத்தா. எனக்கும் காது இருக்கே!"

அடேயப்பா! இருபத்தாறு வருஷம் பேப்பரா படித்தார் மனிதர்? எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை, அடுத்த கன்றுக்கு நகர்ந்தார்.

இன்று மதியம் அழைத்துவரப் போனேன். காற்று கிளம்பியிருந்தது. பதினொன்றில் ஒன்பது துளிர்த்திருக்கின்றன. "நீங்க கூட்டத்தை நடத்துங்க. இந்த நேரத்துல இதுங்களை விட்டுட்டு வந்தா அவ என்னைச் சும்மா விடமாட்டா" என்றார்.

இப்போது சொல்லுங்கள், அக்காவுக்கு அஞ்சலி செலுத்துவது யார்? நாமா, அவரா?

அன்பர்களே, உறுதி எடுப்போம்! நாடாவை அவிழ்க்கும் நாளை மாமா சொல்வார், அவிழ்ப்போம். வீட்டுக்கு ஒன்றாக நடுவோம். எட்டுப் போட்டே கட்டுவோம். அடுத்த ஒட்டுக்கு மாங்கொட்டையை இந்த வருஷமே முளைக்கப் போடுவோம்.

மௌன அஞ்சலியை இங்கே வேண்டாம், அக்கா வீட்டுப் பின்புறம் போய்ச் செலுத்துவோம், எழுந்திருங்கள். அந்தக் காலி நாற்காலியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். காலையிலிருந்து மனிதர் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.