பிறேக்குக்கு விட்ட எண்ணெய்

— இஞ்சருங்கோ, இதை ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ. போத்திலைக் கவிட்டுப் பிடிக்கிறன். ஒரு சொட்டு விழுதோ எண்டு பாருங்கோ.

— விமலா, பஸ் வாற நேரம். வெள்ளை வேட்டியோட நிக்கிறன், எண்ணெயைக் கொண்டு கிட்ட வராதை. வவுனியாக் கோட்டில சாட்சி சொல்லப்போற மனுசன் கறையோட போய் நிக்கிறதே?

— விழுதோ எண்டு கேட்டனான்.

— விழேல்லை. இலுப்பெண்ணெய்தானே. இந்த மார்கழிப் பனிக்கு உறையாமல் என்ன செய்யும்? அடுப்புக்குக் கிட்ட வை, இளகிப்போகும். இதுக்கே கூப்பிட்டனி?

— இதுக்குத்தான். அண்டைக்கு விடியவும் இதே பனிதானே?

— எண்டைக்கு?

— லொறி சின்னராசாண்ணையின்ர வண்டிலில அடிச்ச அண்டைக்கு.

— விடியக்காலமையே அந்தக் கதையை எடுக்காதை. றைவர் இளையதம்பி குடிச்சிட்டு லொறியை ஓடினவன், சந்தியில வண்டில் நிண்டது கண்ணுக்குத் தெரியேல்லை, அடிச்சுப்போட்டான். ஒரு மாடு செத்துப்போச்சு. அதுதான் கதை.

— அவன் குடியை விட்டு எவ்வளவு காலம்.

— பிள்ளை பிறந்த சந்தோசத்தில திரும்பத் தொட்டிருப்பான். நானோ சொன்னது? பொலிசில அவனே வாயால ஒத்துக்கொண்டவன். இனி நான் கோட்டில போய் பிறேக்கில பிழையில்லை எண்டு சொல்லவேண்டியதுதான் மிச்சம்.

— பிழையில்லை எண்டு நீங்கள் சத்தியம் பண்ணுவியளோ?

— ஏன் பண்ணமாட்டன்? வெள்ளைக்காரன் சண்டைக்குக் கொண்டுவந்து, போகேக்கை காட்டுக்குள்ள விட்டிட்டுப் போன லொறியப்பா அது. கொடி படர்ந்து, எஞ்சினுக்குள்ள பாம்பு முட்டை போட்டுக் கிடந்தது. ஜமால்தீன் முதலாளி அதை ஏலத்தில எடுக்கேக்கை மாங்குளமே சிரிச்சது. நான்தானே ஒவ்வொரு ஆணியாக் கழட்டி, துருச் சுரண்டி, பாலை மரத்தில பெட்டி அடிச்சு, உருப்படியாக்கினனான். இல்லாத சாமானை இஞ்சையே உருக்கி அடிச்சுப் போட்டனான்.

— பிறேக் எண்ணெயையுமோ?

— அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான் இறக்கிறதை நிப்பாட்டிப்போட்டுது. பிறேக் எண்ணெய் கொழும்பிலயே இல்லை. அதுதானே உன்ர ஆமணக்கெண்ணெயை ஸ்பிரிட்டில கலந்து விட்டனான். ஆமணக்கெண்ணெய் எந்தக் குளிருக்கும் உறையாது, றப்பரையும் கெடுக்காது. அடிபட்ட அண்டைக்கு மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தபோது நானே ஏறி ஓட்டி மிதிச்சுக் காட்டினனான். மிதிச்ச இடத்தில நிண்டது. சனமெல்லாம் பாத்தது.

— மத்தியானம் வெயில் எறிச்சது.

— எறிச்சா?

— வெயிலுக்கு இளகியிருக்கும். இஞ்சை பாருங்கோ, அந்த லொறிக்கு நான் தந்தது ஆமணக்கெண்ணெய் இல்லை.

— என்ன சொல்லுறாய்?

— இந்தப் போத்திலில இருக்கிறதைத்தான் தந்தனான். விளக்குக்கு வைச்சிருந்த இலுப்பெண்ணெய்.

— விமலா.

— ஆமணக்கெண்ணெய் முடிஞ்சுபோச்சு. பிள்ளைப்பெத்த ஒருத்திக்கு இடுப்புக்குப் பூச எல்லாத்தையும் ஊத்திக் குடுத்திட்டன். வித்து அவிச்சு இடிச்சு, புதுசாக் காய்ச்சி வைப்பம் எண்டுதான் இருந்தனான். அதுக்குள்ள நீங்கள் முதலாளியையும் கூட்டிக்கொண்டு குசினி வாசலுக்கு வந்திட்டியள். என்ர மனுசி காய்ச்சிற எண்ணெய் மாதிரி கப்பலிலயும் வராது எண்டு சொல்லிக்கொண்டு கையை நீட்டினியள். அந்த மனுசனுக்கு முன்னால இல்லை எண்டு சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு.

— எனக்குப் பிறகெண்டாலும் சொல்லியிருக்கலாமே.

— எண்ணெய் எண்டா எண்ணெய்தானே, இரும்புக்கு எது விட்டால் என்ன எண்டு நினைச்சன். காலமை விளக்குக் கொளுத்தப் போத்திலைச் சரிச்சன், எண்ணெய் அசையேல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது. செத்த மாடு கண்ணுக்கு முன்னால நிக்குது. அந்தப் பெடியன்ர உடைஞ்ச பல்லு நிக்குது. அடியுங்கோ, பேசுங்கோ. என்னவும் செய்யுங்கோ.

— உன்னைப் பேச எனக்கு வாயில்லை.

— ஏன்?

— எனக்குத் தெரியும், விமலா.

— என்ன தெரியும்?

— லொறியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தம் இல்லையோ. மற்றநாள் விடிய, ஆக்கள் வரமுதல், முன் சில்லைக் கழட்டிப் பாத்தனான். பிறேக் பைப்புக்குள்ள மெழுகுதிரி மாதிரி வெள்ளையா இறுகிக் கிடந்தது. ஆணியால தோண்டி மணந்தன். கோயில் விளக்கு மணந்தது.

— அப்ப?

— பைப்பைக் கழட்டிச் சுடுதண்ணி ஊத்திக் கழுவினன். துடைச்சன். பூட்டினன். அதுதான் கதை.

— ஒரு வார்த்தை எனக்குச் சொல்லேல்லையே. இவ்வளவு நாளும் என்ர கையால சோறு வாங்கித் திண்டுகொண்டு.

— உன்னைக் காட்டிக் குடுக்கேலாது எண்டு நினைச்சன்.

— என்னையோ, உங்கட பேரையோ?

— விமலா, முதலாளி இன்னொரு லொறி கொண்டாறன் எண்டவர். முல்லைத்தீவில இருந்து மீன் லொறியும் என்னட்டைத்தான் வரப்போகுது. பிறேக்கில பிழை எண்டு வெளிய தெரிஞ்சா ஆர் வாகனம் விடுவினம்?

— நான் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ.

— என்ர பேரைத்தான். போதுமே? சந்தியில அவ்வளவு சனத்துக்கு முன்னால அவன்ர கழுத்தைப் பிடிச்சு, குடிகார நாயே, நான் கட்டின லொறியைக் கெடுத்துப்போட்டியே எண்டு கேட்டனான். அவன் வாயால இரத்தம் வழிய வழிய என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவன். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. கண்ணாடிக்கு முன்னால நிண்டு முகம் வழிக்கவும் வெக்கமாக் கிடக்கு.

— வெக்கத்தை வைச்சுக்கொண்டு சாட்சி சொல்லப் போறியளோ?

— அவன் ஒத்துக்கொண்டிட்டான். குற்றப் பணத்தை முதலாளியைக் கொண்டு கட்டுவிக்கிறன். வேலையும் என்ர பட்டறையில குடுக்கிறன். அவனுக்கு ஒரு குறையும் வராது.

— லைசன்ஸ்? குடிச்சிட்டு மாட்டைச் சாகடிச்சவன் எண்ட பேர்? அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகேக்கை அதுக்கும் அந்தப் பேர்தானே?

— சத்தம் போடாதை, படலையில ஆரோ.

— அண்ணை, நிக்கிறியளோ? நான் இளையதம்பி. பஸ்ஸுக்கு நேரமாச்சு, சேர்ந்து போவம் எண்டு வந்தனான்.

— வா, வா. உள்ளுக்கு வா. விமலா, தம்பிக்குத் தேத்தண்ணி குடு. வேற ஒண்டும் கதைக்காதை.

— வேண்டாம் அக்கா, பல்லுக் கூசுது. என்னெண்டா அண்ணை, கோட்டுக்குள்ள போக முதல் உங்களிட்ட ஒரு சொல் சொல்லவேணும் எண்டு இருந்தனான். சந்தியில நீங்கள் பேசினதை நான் மனசில வைச்சிருக்கேல்லை. அவ்வளவு பாடுபட்டுக் கட்டின லொறி. ஆருக்கும் கோவம் வரும்தானே.

— அதை விடு இளையதம்பி. விடு.

— லைசன்ஸைச் சட்டைப் பொக்கற்றில வைச்சிருக்கிறன். கேட்டவுடன குடுத்திடலாம். தை பிறந்தா நெல் அரிவு வெட்டு வரும், தண்ணீரூற்றுப் பக்கம் போனா வேலை இருக்கு. நேசமலரும் பிள்ளையும் பட்டினி கிடக்காயினம். நீங்கள் உள்ளதைச் சொல்லுங்கோ அண்ணை. பிறேக்கில பிழையில்லை எண்டு சொல்லுங்கோ.

— தம்பி, நீ அண்டைக்குக் குடிச்சனியோ?

— பொலிசில எழுதிப்போட்டினம் அக்கா.

— பொலிசு எழுதினதை நான் கேக்கேல்லை. நீ குடிச்சனியோ?

— விமலா, நேரம் போகுது. விடு.

— நான் விடமாட்டன். இளையதம்பி, இதைக் கேளடா. அந்தப் பிறேக்குக்கு நான் தந்த எண்ணெய்...

— அக்கா, வேண்டாம். சொல்லாதேங்கோ.

— உனக்கு என்ன தெரியும் எண்டு சொல்லாதேங்கோ எண்டுறாய்?

— என்னெண்டா அக்கா, அடிபட்டுக் கீழ விழுந்த நான் எழும்பேலாமல் லொறியின்ர முன் சில்லுக்குப் பக்கத்தில கிடந்தனான். பிறேக் பைப்புப் பூட்டில எண்ணெய் கசிஞ்சு கிடந்தது. கையை வைச்சன். எண்ணெய் ஓடேல்லை, கையில கட்டியா ஒட்டினது. மணந்தவுடன விளங்கிட்டுது, ஆமணக்கெண்ணெய் இல்லை, இலுப்பெண்ணெய் எண்டு. இந்தப் பக்கத்தில ஆமணக்கெண்ணெய் காய்ச்சிற வீடு இது ஒண்டுதானே.

— அப்ப ஏனடா குடிச்சனான் எண்டு சொன்னனி? நான் அவ்வளவு கேவலமாப் பேசியும் ஏனடா வாயைத் திறக்கேல்லை?

— எப்பிடி அண்ணை திறக்கிறது? நேசமலர் பிள்ளையைப் பெத்துப்போட்டு இடுப்பு நோவில கத்தேக்கை, அக்காதான் தனக்கு ஒரு சொட்டும் வைக்காமல் வழிச்சு ஊத்திக் கொண்டுவந்து பூசிவிட்டவா. பிறேக்குக்குப் போகவேண்டிய எண்ணெய் எங்கட வீட்டில, பிள்ளையின்ர ஏணைக்குப் பக்கத்திலதானே கிடக்கு.

— ஐயோ தம்பி.

— அழாதேங்கோ அக்கா. பஸ் சத்தம் கேக்குது. வாங்கோ அண்ணை.

— நில்லு. விமலா, அந்தப் போத்திலை இஞ்சை தா.

— வேட்டியில படுமே.

— படட்டும். என்ர சால்வையைக் கிணத்துத் தண்ணியில நனைச்சுக் கொண்டுவந்து அதைச் சுத்து, நல்லாச் சுத்து. நீதவானுக்கு முன்னால நான் கவிட்டுப் பிடிக்கேக்கை ஒரு சொட்டும் விழக்கூடாது.