நாளைக்கு மழை பெய்தால்

கொழும்பில் இருப்பவர்களுக்குத் திருகோணமலையில் மழை எப்போது பெய்யும் என்று தெரியாது. அதற்காக அவர்களைக் குறை சொல்லக் கூடாது. அவர்களுடைய மழை வைகாசியில் வந்துவிடும். எங்களுடையது ஐப்பசி கழிந்துதான் பிடிக்கும். சண்டை நின்று துவக்குகள் ஓய்ந்திருக்கிற இந்த வருடத்தைக் கொண்டாடக் காரோட்டப் போட்டி வைக்கிறோம் என்று வந்தவர்கள், பார்த்துப் பார்த்துக் கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பிடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால்தானே சொல்லலாம்.

என்னிடம் கேட்டது வேறு. நான் வீதிக் கந்தோரில் இருபத்தாறு வருடமாக வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர், பெயர் தம்பிராசா. இந்த நகரத்தில் எந்தக் குழி எந்த மாரியில் விழுந்தது என்று கேட்டால் சொல்வேன். அதனால் நாளைய ஓட்டம் எப்படி இருக்கும் என்று போட்டி மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். அதில் எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். திங்கட்கிழமை என் மேசை லாச்சியைத் திறப்பவர் வாசிக்கட்டும்.

பாதை இரண்டரை மைல். மைதானத்தடியில் தொடங்கி, உவர்மலையில் ஏறி, மறுபக்கம் இறங்கி, உட்துறைமுக வீதியால் திரும்பி வரும். கார்கள் பதினொன்று. வீதி ஒடுக்கம் என்பதால் ஒவ்வொன்றாக விட்டு நேரம் பார்ப்பார்கள். ஊர்க்காரன் என்ற மரியாதைக்கு முதலாவதாக ஓடப்போவது பாலையூற்றில் கராஜ் வைத்திருக்கும் தவராசா.

பார்க்க வருகிறவர்கள் உவர்மலை இறக்கத்தின் அடியில் நிற்க வேண்டாம். அங்கே நானே கயிறு கட்டியிருக்கிறேன். பொதுமக்களின் பாதுகாப்பில் நான் எப்போதும் கவனம்.

அந்த இடத்தில் வீதி சடுதியாக இடப்பக்கம் திரும்பும். நேரே போனால் துறைமுகத் தண்ணீர். சண்டைக் காலத்தில் அந்த வளைவில் ஆமி காவல் நின்ற ஒரு சென்றி இருந்தது. சென்றியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள், கொங்கிறீற் நிரப்பிய ஆறு தார்ப் பீப்பாக்களை விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றை எடுப்பது என் வேலை. எடுக்கவில்லை. வழுக்கி வரும் கார் முட்டினால் சேதம் வராமல் இருக்கத் தோப்பூரிலிருந்து வைக்கோல் கட்டுகள் வந்தன. லொறியில் கொண்டுவந்த ஜமால்தீனிடம் அவற்றைப் பீப்பாக்கள் தெரியாதபடி சுற்றி அடுக்கச் சொன்னேன்.

"உள்ளுக்குப் பீப்பா கிடக்கே சேர், எடுக்கல்லயா?" என்று கேட்டார்.

"திங்கள் எடுப்பம்," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுக்கினார். நல்ல மனிதர், அரசாங்க உத்தியோகத்தரை நம்பிப் பழகியவர்.

போன கிழமை அந்த வளைவுக்குப் புதுத் தார் போட்டேன். தார் ஊற்றினால் மேலே சல்லிக்கல் தூவி உருட்ட வேண்டும். நான் தூவவில்லை. காய்ந்திருந்தால் ஒரு பிழையும் தெரியாது, ரயர் நன்றாகப் பிடிக்கும். நனைந்தால் சவர்க்காரம் போட்ட சீமெந்துத் தரைதான். கொழும்புக்காரர்கள் தெரியாத வீதியில் பிரேக் பிடித்துத்தான் இறங்குவார்கள். தவராசா பிடிக்கமாட்டான். சைக்கிள் ஓடப் பழகிய நாளிலிருந்து அவனுக்கு அந்த வளைவு மனப்பாடம்.

வெயில் எறித்தால் அவன் சுகமாகத் திரும்பி, கோப்பையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். மழை பெய்தால் போகமாட்டான். முடிவை நான் எடுக்கவில்லை, மழையிடம் விட்டிருக்கிறேன். இதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

காரணம் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை மூண்டு சனமெல்லாம் வீட்டை விட்டு ஓடியபோது, என் மனைவி குணேஸ்வரிக்கு வலி கண்டுவிட்டது. முதற்பிள்ளை. தகப்பனுடைய வான் வண்டியில் சனத்தை ஏற்றிக்கொண்டு வந்த தவராசா, எங்கள் வாசல் படலையில் நிறுத்தாமல் போனான். குணேஸ்வரியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போனேன். வீதியோரத்திலேயே போய்விட்டாள், பிள்ளையும்தான். பதின்மூன்று வருடமாக நான் ஊருக்குச் சொல்லி வருவது இதுதான். ஊரும் நம்பியது. அவனுக்குப் பேசி வந்த இரண்டு கலியாணம் இந்தக் கதையால் குழம்பிப்போனது. அவன் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

வாக்குமூலம் என்றால் முழுதாகச் சொல்ல வேண்டும். அவன் நிறுத்தினான்.

"அண்ணை, அக்காவை ஏத்துங்கோ. நாலு பேரை இறக்கியெண்டாலும் இடம் எடுப்பன்," என்றான்.

கந்தோர் லொறி என் பொறுப்பில் வளவுக்குள் நின்றது. அரசாங்க வாகனத்தை விட்டுவிட்டு ஓடினால் உத்தியோகம் என்னவாகும் என்று யோசித்தேன். "நீ போ. நான் லொறியில கொண்டாறன்," என்றேன். குணேஸ்வரி என்னைப் பார்த்தாள். வான் போனபிறகு லொறி ஸ்டார்ட் எடுக்கவில்லை.

வானில் இருந்த சனம் அகதியாகச் சிதறித் திரும்பி வரவில்லை; ஊரில் இப்போது இது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவன் சொல்லிவிடுவான் என்று நான் பயப்படவில்லை. போன மாதம் பாதை பார்க்க வந்தவன், வளைவில் என் பக்கத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணை, அண்டைக்கு உங்களைக் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கக் கூடாது. அக்காவைத் தூக்கி ஏத்தியிருக்க வேணும். என்னிலதான் பிழை."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். நான் சுமத்திய பொய்யை இத்தனை வருடம் சுமந்துவிட்டு, என் பிழையையும் தன்னுடையதென்று வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து இரக்கப்பட்டான். இப்படி ஒருவன் இதே ஊரில் நடமாடினால், கண்ணாடியில் முகம் வழிக்கும்போது நான் யாரைப் பார்ப்பது? அவனை நான் வெறுக்கிறேன். குணேஸ்வரி செத்த அன்றுகூட ஒருவரையும் இப்படி வெறுத்ததில்லை.

நேற்று மறுபடி வந்தான். "புதுத் தார் போட்டிருக்கிறியள். பிரேக் பிடிக்காமல் திருப்பலாமோ அண்ணை?"

"ஓம், தாராளமாப் போ."

"நீங்கள் சொன்னால் சரி," என்றான்.

இப்போது பின்னேரம் மூன்று மணி. காலையில் மூதூர்ப் பக்கம் கறுத்துக் கிடந்த வானம் வெளித்துவிட்டது. நாளைக்கு மழை வராது போலிருக்கிறது. எனக்கு ஆறுதலாகக்கூட இருக்கிறது. வெயில் எறித்தால் அவன் பிழைப்பான், நானும் இந்தத் தாளைக் கிழித்துப் போடுவேன். நான் கொலைகாரன் இல்லை என்பது இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

முதல் கார் புறப்படக் கால்மணி இருக்கும்போது வளைவில் மட்டும் தண்ணீர் தெளிக்கும்படி பவுசர் வண்டிக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புது வீதியில் தூசி கிடக்கக் கூடாது.