ஓட்டத்துல சீட்டு மாத்துனவன்

சாயங்காலம் அஞ்சரை மணிங்க... பனிமலை ரோடு. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு ஒரு ஊடு இல்ல.

கிட்ட வந்து உக்காருங்க. டேய் ஈஸ்வரு, செல்லை அமத்துடா. பயந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிரு.

நம்ம ஜெயப்பிரியா இருக்கறாளே, அவ அண்ணன் ஜெகதீஸ்வரனுக்கு நடந்தது இது. போன சித்திரையில ராசிபுரத்துல இருந்து வடக்க டூரு பஸ்ஸு ஓட்டிட்டுப் போனான். மாத்து டிரைவரு ஜெயப்பிரியா ஊட்டுக்காரன் தங்கமுத்து. ஜெகதீசு மக கனிஷ்காவும் கூட, ஏழு வயசு. மத்தியானம் பூந்தோட்டத்துல எறங்கி, செவப்பும் மஞ்சளுமா அத்தன பூவுக்கு நடுவுல புளிசோறு தின்னுபோட்டு, மலையேறுனாங்க.

நம்ம லாரிக்காரங்க பழக்கம் தெரியுமில்ல? வண்டிய நிறுத்தாம ஓட்டத்துலயே சீட்டு மாத்துவாங்க. பேச்சே இருக்காது. அப்படித்தான்... ஓட்டிக்கிட்டிருந்த ஜெகதீசு தோள்ல ஒரு தட்டு. குரங்குக் குல்லா, மூஞ்சியச் சுத்தி மப்ளரு. தங்கமுத்துதான்னு நெனச்சு இவன் நழுவுனான், வந்தவன் உக்காந்துட்டான்.

சித்த படுக்கலாம்னு கடைசி சீட்டுக்குப் போறான்...

அங்க தங்கமுத்து படுத்திருக்கறான். வாயப் பொளந்துக்கிட்டு, கொர்ர்... கொர்ர்னு கொறட்ட. ஈரக் கம்பளி நாத்தம்.

அப்ப வண்டிய ஓட்டறது யாரு?

அந்நேரம் பாத்து எதுத்தாப்புல வந்த லாரிக்கு ஒதுங்கி, பஸ்ஸு பள்ளத்துப் பக்கம் சாஞ்சுது. அட கெரகமே! எம்புள்ளயக் கொல்லப் பாக்குதுன்னு ஜாக்கி லிவரத் தூக்கிட்டு முன்னால ஓடுனான். ஓட்டறவன் பின்மண்டையில ஒரே போடு. மடக்னு சத்தம்...

"மச்சா... நாந்தான்..."

தங்கமுத்து கொரலு. பேயி அவன் கொரல்லயே பேசுதுன்னு இவனுக்கு இன்னும் வெறி. அடிச்சான். குல்லாயோட சேத்து அடிச்சான். முன் கண்ணாடி பூராம் ரத்தம். வைப்பரு வெளிய பனிய வழிச்சுக்கிட்டே இருக்குது... உள்ள வழிக்க ஆரு இருக்கறா? ஸ்டேரிங்கப் பாறைப் பக்கம் ஒடிச்சான். டமார்னு மோதி நின்னுது வண்டி.

மப்ளர இழுத்தான். தங்கமுத்துதாங்க. பாதி மூஞ்சிதான் மிச்சம்.

"அய்யோ மாப்ள... எந்தங்கச்சிக்கு என்னடா சொல்லுவேன்..." மடியில போட்டுக் கதறுறான். பஸ்ஸே அலறுது.

அப்ப கடைசி சீட்டுலிருந்து கனிஷ்கா கூப்புட்டா.

"ஏனப்பா அழுவற? மாமா இங்கதான் இருக்குது. இப்பத்தான் எந்திரிச்சு உக்காந்து சிரிக்குது..."