நாலு துண்டு ஒயர்

ஓடாத லேத்தைப் பார்க்கப் போகிறவன் முதலில் பிளக்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பத்தில் நாலு தடவை வியாதி அங்கேதான் இருக்கும். முப்பது வருடமாக மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் சொல்கிறேன். உலகத்தில் பழுதான மெஷின்கள் குறைவு. பிளக்கைச் சரியாகச் செருகத் தெரியாத மனிதர்கள்தான் அதிகம்.

ஐயா, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு காவலரை உட்கார வைத்தீர்கள். முதல் வரியிலேயே 'மின்சாரம்' என்பதற்கு மூன்று சுழி போட்டார். அதனால் பேனாவை வாங்கி நானே எழுதுகிறேன். என் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிட்டவர், போன வருடம் தன் வீட்டுப் பின்னறையில் லேத்தில் அடிபட்டு இறந்தார். விபத்து என்று கோப்பை மூடிவிட்டீர்கள். அந்தக் கோப்பில் ஒரு தவறு இருக்கிறது. அக்காவின் நிம்மதிக்காக அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

மாமா ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் தபால்களுக்கு எண் போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், மேஜைமேல் வைக்கிற அளவில் ஒரு சின்ன லேத்தை வாங்கினார். பித்தளையைக் கடைந்து கதவுக் குமிழ் செய்யப் போகிறாராம். இரண்டு வருடத்தில் அவர் செய்து முடித்த ஒரே குமிழ், பல்வலிக்காரன் கன்னம் மாதிரி ஒரு பக்கம் வீங்கியிருந்தது. அதைக் கூடத்துக் கதவில் மாட்டினார். அன்றிலிருந்து அந்தக் கதவு திறப்பதில்லை. வந்து போகிறவர்கள் சமையலறை வழியாகச் சுற்றிப் போவார்கள்.

லேத் நல்ல லேத். அவரைவிட ஒழுங்கானது. அது ஓடுவதற்கு நாலு காரியம் நடக்க வேண்டும். சிவப்பு அவசரப் பொத்தான் அமுங்கியிருந்தால் அதைத் திருகி வெளியே விட வேண்டும். உலோகத் துண்டைக் கவ்விக்கொண்டு சுழலும் தாடைக்குச் சக் என்று பெயர். அதன் மேல் இருக்கும் கண்ணாடி மூடியைக் கீழே இறக்க வேண்டும். வேகக் குமிழை 'டக்' என்று சத்தம் வரும்வரை இடது பக்கம் திருப்ப வேண்டும். கடைசியாகப் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இதில் எது தவறினாலும் மெஷின் அசையாது. கையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிற முட்டாள்களை மனத்தில் வைத்து யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு அது.

இந்த நாலும் மாமாவுக்கு மனப்பாடம் ஆகவே இல்லை. முதல் போன் வந்தது.

"மாப்ள, மெஷின் எடுக்க மாட்டேங்குது. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டானுங்க."

முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனேன். அவசரப் பொத்தான் அமுங்கியிருந்தது. அடுத்த மாதம் மூடி அரை விரல்கடை தூக்கியிருந்தது. அதற்கடுத்து வேகக் குமிழ். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஒவ்வொரு முறையும் வரிசையாக நாலையும் நான் செய்து காட்டினேன். அவர் அப்போது ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்றாவது தடவை நான் கைகழுவிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் வந்தார். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு வந்தாராம்.

"சின்னக் கோளாறுதான் சார்" என்றார் மாமா. "ஒரு மணி நேரம் உக்காந்து யோசிச்சேன். பிடிச்சுட்டேன்."

"மச்சினர் வந்திருக்காரே?"

"கூடமாட ஒத்தாசைக்குக் கூப்பிட்டேன். இந்த நுணுக்கமான வேலையெல்லாம் அவனுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. பாவம், நல்ல பையன்."

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். டீ நன்றாக இருந்தது.

நோகாமல் நுங்கு தின்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதற்கெல்லாம் கோபப்படுகிற ஆள் நான் இல்லை. கோபம் வேலையைக் கெடுக்கும். எனக்கு அவர்மேல் இருந்தது ஓர் அருவருப்பு மட்டும்தான், சாப்பாட்டு மேஜையில் ஈயைப் பார்த்தால் வருகிற அளவுக்கு.

மாமாவின் இன்னொரு பழக்கத்தையும் இங்கே எழுத வேண்டும். அவர் வினைச்சொல்லை மட்டும்தான் சொல்வார். எதை என்பதைச் சொல்ல மாட்டார். 'எடு' என்பார், 'கொண்டா' என்பார், 'போடு' என்பார். 'போடு' என்றால் டீயாக இருக்கலாம், தாழ்ப்பாளாக இருக்கலாம், கையில் வைத்திருக்கும் டப்பாவைக் கீழே வைக்கச் சொல்வதாகவும் இருக்கலாம். முப்பத்தெட்டு வருடம் எதை எதை என்று ஊகித்ததுதான் அக்காவின் குடித்தனம். ஊகம் தப்பினால், "மண்டையில என்ன வெச்சிருக்க?" என்பார்.

நாலாவது தடவை போயிருந்தேன். அன்று பிளக் கழன்றிருந்தது. நான் அதைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோது மாமா மூடியைத் தூக்கிவிட்டு, சக்கை இறுக்குகிற சாவியை அதில் மாட்டி, மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்திருந்தார். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. குறுக்கே கைப்பிடி வைத்த கனமான இரும்பு. வாசலோரம் சுவரில் இரண்டு சுவிட்சுகள், ஒன்று மேஜை விளக்குக்கு, ஒன்று லேத்துக்கு. அக்கா அங்கே நின்றிருந்தாள்.

"போடு" என்றார் மாமா. விளக்கைச் சொன்னார். அக்கா லேத்தின் சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. மூடி திறந்திருந்தது, பச்சைப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. மெஷின் சும்மா இருந்தது. மாமா தலையைக்கூடத் தூக்காமல், "லைட்டுடி, லைட்டு. எருமை" என்றார். தன் மூக்குக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

அக்காவின் அலமாரியிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்து, லேத்தின் சுவிட்சில் ஒரு பொட்டு வைத்தேன். "அக்கா, பொட்டு வெச்சதைத் தொடாதே" என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடத் தப்பாகப் போட்டதில்லை. சொன்னால் புரிந்துகொள்கிறவள் என் அக்கா.

ஐந்தாவது போன், மறுபடியும் மூடி.

"மாப்ள, இந்த மூடி, பொத்தான், கழுதை, குதிரை எல்லாத்தையும் தூக்கிக் கடாசு. போட்டா ஓடணும். அவ்வளவுதான்."

இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அவர் கேட்டார். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுப்பது என் தொழில்.

மாமா கண் டாக்டரிடம் போயிருந்த ஒரு பிற்பகலில் போனேன். அக்காவும் கூடப் போயிருந்தாள், வீட்டின் மாற்றுச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் உண்டு. மெஷினின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து, நாலு தடையையும் தாண்டி மின்சாரம் நேரே போகிற மாதிரி நாலு துண்டு ஒயர் போட்டேன். சிவப்புப் பொத்தானுக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று, வேகக் குமிழுக்கு ஒன்று, பச்சைப் பொத்தானுக்கு ஒன்று. அவர் பச்சைப் பொத்தானைத் தனியாகச் சொல்லவில்லைதான். ஆனால் 'போட்டா ஓடணும்' என்றால் அதையும் சேர்த்துத்தான் பொருள். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. நுனிகளுக்கு ஈயம் வைத்தேன். பழைய ஒயர்க் கட்டோடு சேர்த்து, அதே நிறத்தில், அதே வளைவில் கட்டினேன். திறந்து பார்க்கிறவனுக்குக் கம்பெனியிலேயே போட்டது என்றுதான் தோன்றும். அப்படி ஒரு வேலையை நான் வேறு எங்கும் செய்ததில்லை என்றே சொல்வேன்.

சோதித்துப் பார்க்காமல் கிளம்புகிறவனும் நான் இல்லை. மாமா வழக்கம்போலச் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்து ஓரமாக வைத்தேன். வேகக் குமிழை வலது பக்கம் கடைசிவரை திருப்பிவிட்டு, சுவர் சுவிட்சைப் போட்டேன். அடுத்த நொடியே முழு வேகம். அணைத்தேன். சாவியை எடுத்த இடத்திலேயே திரும்ப மாட்டினேன். கிளம்பும்போது பார்த்தால் சுவிட்ச் போர்டு அழுக்காக இருந்தது. தின்னர் தொட்டுத் துடைத்தேன். நகப்பூச்சு தின்னருக்கு நிற்காது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சாயந்திரம் மாமாவுக்குப் போன் செய்தேன். "நீங்க சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன் மாமா. போட்டா ஓடும்."

"அப்படி வா வழிக்கு" என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மாமா ஒரு பித்தளைத் துண்டை மாட்டிக்கொண்டு, சாவியில் கை வைத்துக் குனிந்து, "போடு" என்றார். போர்டில் இரண்டு சுவிட்சும் ஒரே வெள்ளையாக இருந்தன. அக்கா ஊகித்தாள். சாவி பறந்து அவர் பொட்டில் அடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு அவசியம் இருக்கவில்லை என்று பிறகு டாக்டர் சொன்னார்.

'போடு' என்பதற்கு ரவுடிகள் சொல்கிற பொருள் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பொருளில் நான் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

அதன்பிறகு அக்கா எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை. வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஃபேன் போட மாட்டாள். அந்தி வந்தாலும் இருட்டிலேயே இருப்பாள். வலது கையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருப்பாள். "இந்தக் கையாலதான்டா போட்டேன்" என்பாள். "நீ என்னக்கா பண்ணுவ, அவர் இன்னதுன்னு சொல்லியிருக்கணும்" என்பேன் நான். பதினோரு மாதம் தினமும் சாயந்திரம் பஸ் ஏறிப் போய் அவளுக்கு விளக்கும் ஃபேனும் போட்டுவிட்டு வந்தேன். ஒரு நாள் அலுத்துக்கொண்டதில்லை. கூடப் பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி.

மின் ஆய்வாளர் வந்து விசாரித்தார். அந்த லேத்தை மாமாவேதான் ரிப்பேர் பார்ப்பார், பெரிய மூளைக்காரர் என்று தெருவே சாட்சி சொன்னது. ஆய்வாளர் என்னையும் கேட்டார். "மாமாதான் எல்லாம் பார்த்துக்குவார். நான் கூடமாட ஒத்தாசைக்குப் போவேன்" என்றேன். மாமா பல தடவை சொன்னதைத்தானே சொன்னேன்.

போன வாரம் ஆய்வாளரின் அறிக்கை தபாலில் வந்தது. அக்கா என்னைப் படிக்கச் சொன்னாள். மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பாதுகாப்புச் சுவிட்சுகள் நான்கையும் இறந்தவர் தாமே குறுக்கு இணைப்பின் மூலம் செயலிழக்கச் செய்துள்ளார். சுவிட்சைப் போட்டவர்மீது தவறில்லை. இணைப்பு வேலை மிகத் தேர்ந்த கைத்திறனுடன் செய்யப்பட்டுள்ளது.'

அக்கா அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். அழுதாள், பிறகு சிரித்தாள்.

"பாத்தியாடா. தேர்ந்த கையின்னு கவர்மெண்டே எழுதியிருக்கு. நீதான் அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மனசுக்குள்ளயே நினைச்சுக்கிட்டிருந்த. எனக்குத் தெரியும்."

நான் அறிக்கையை மடித்து அவளிடம் கொடுத்தேன்.

"இந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டணும்" என்றாள். எந்த இடத்தில் மாட்டலாம் என்று பார்க்க எழுந்து போய், தானே விளக்கைப் போட்டாள். ஃபேனையும் போட்டாள். அந்த வீங்கின குமிழ் இருக்கிற கதவுக்கு மேலே இடம் காட்டினாள். ஆணி அடிக்க என்னைக் கூப்பிட்டாள்.

ஆணியை அடித்துவிட்டுத்தான் வந்தேன். ஒரு வாரமாகத் தூக்கமில்லை. ஐயா, பிளக்கைச் செருகத் தெரியாதவர் அவர். ஈயம் பற்றவைக்கிற கோலின் எந்த முனை சுடும் என்று தெரியாதவர். உண்மை தெரியாமல் என் அக்கா ஒரு பொய்யோடு வாழக் கூடாது, அது ஒன்றுதான் என் கவலை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். நாலு ஒயரும் நான் வைத்தவை, குமிழைத் திருப்பியது நான், சாவியைத் திரும்ப மாட்டியது நான், பொட்டை அழித்தது நான். என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தேன். சந்தேகம் இருந்தால் பெட்டியைத் திறந்து நுனிகளைப் பாருங்கள், வேறு யாராலும் அப்படி முடித்திருக்க முடியாது. எனக்குத் தண்டனை எதுவோ அதைக் கொடுங்கள், அதில் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. மூன்றாம் பக்கத்தை மட்டும் சீக்கிரம் திருத்தி அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள், கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டாள். 'இறந்தவர்' என்று இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.